பழைய கையெழுத்தும் பழைய காகிதமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் ஆட்டோகிராஃப் நோட்டில் 'மோ.க.காந்தி' என்று தமிழில் ஒரு கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் 1934 என்று பென்சில் குறிப்பு. காந்தி தமிழில் கையெழுத்துப் போட்டாரா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: போட்டிருக்கிறார். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கையெழுத்திடும் வழக்கம் அவருக்கு உண்டு. 1934 தொடக்கத்தில் அரிஜன நிதி திரட்டத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்தார். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி அந்த நிதியில் சேர்ப்பார். ஆகவே மொழியும் ஆண்டும் பொருந்துகின்றன. ஆனால் பொருந்துவது வேறு, உறுதியாவது வேறு.

நகைக்கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். உலோக நிப்பால் எழுதிய கோட்டில், நிப் அழுந்தி இரண்டாகப் பிரிந்த இடங்களில் கோட்டின் இரு விளிம்பும் நடுவைவிடக் கறுத்திருக்கும். மை காகித இழைக்குள் இறங்கியிருக்கும். இயல்பாக எழுதியவரின் கோடு முடியும் இடத்தில் மெலிந்து ஓயும். பார்த்து வரைந்தவரின் கோடு மொட்டையாக நிற்கும், நடுவில் நடுங்கும், பேனா தயங்கிய இடத்தில் மை தேங்கியிருக்கும். பால்பாயிண்ட் என்றால் பேச்சே இல்லை. அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான்.

வடிவம் மட்டும் வேறுபட்டால் உடனே போலி என்று முடிவுகட்டாதீர்கள். வலக்கை ஓய்ந்தால் காந்தி இடக்கையால் எழுதுவார். இரண்டு கை எழுத்தும் ஒன்றுபோல இராது.

உங்களிடம் இருக்கும் பெரிய சான்று அந்தக் கையெழுத்து அல்ல, நோட்டு. முன்பக்கத்தில் தாத்தாவின் பெயர் இருக்கிறதா, அடுத்தடுத்த பக்கங்களில் யார் யார், என்ன தேதி, எதிர்ப்பக்கத்தில் மை ஒற்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காந்தியின் எழுத்துகள் 100 தொகுதிகளாக வந்திருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடிதங்களும் உரைகளும் தேதி, ஊரோடு இருப்பதால் அன்று அவர் எங்கே இருந்தார் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து ஃபிரேம் போட்டுவிடாதீர்கள், அதோடு சாட்சியும் போய்விடும்.

கேள்வி: காமராஜர் 1960இல் முதலமைச்சராக எழுதியதாக ஆங்கிலக் கடிதம் ஒன்று விலைக்கு வருகிறது. லெட்டர்ஹெட்டில் 'சீஃப் மினிஸ்டர், தமிழ்நாடு', கீழே பின்கோடு. கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: வேண்டாம். காமராஜர் முதலமைச்சராக இருந்தது 1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை. அன்று ஆங்கிலத்தில் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். 'தமிழ்நாடு' அதிகாரபூர்வப் பெயரானது 1969 ஜனவரி 14இல். அப்போது முதலமைச்சராக இருந்த அண்ணாவே அந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின் இருபது நாள்தான் உயிரோடு இருந்தார். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். அதற்கு முன் ஊர்ப் பெயரை அடுத்து மெட்ராஸ்-9 என்பதுபோல ஒரு சிறு எண் மட்டும் இருக்கும்.

முதலில் காகிதம், பிறகு அச்சு, கடைசியில்தான் கையெழுத்து. போலி செய்பவர் மாதக்கணக்கில் கையெழுத்தைப் பழகுவார், லெட்டர்ஹெட்டில் கோட்டை விடுவார். தபால்தலை ஒட்டிய உறை வந்தால் அதையும் பாருங்கள்: அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசாவுக்கு மாறியது. டைப் அடித்த கடிதத்தைத் திருப்பி விரலால் தடவினால் எழுத்து குத்திய மேடு தட்டுப்பட வேண்டும். வழவழவென்று இருந்தால், லென்ஸில் கறுப்புத் தூள் ஒட்டியதுபோலத் தெரிந்தால், அது லேசர் அச்சு.

1940களின் கடிதம் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். சலவைப் பவுடரில் போடும் வகை வெண்மையேற்றி காகிதத்தில் பரவலானது 1950களில். அதனால் அதற்கு முந்தைய காகிதம் மங்கலாகத்தான் தெரியும், நீல வெள்ளையாகப் பளீரென்று மின்னக் கூடாது. 1960 காகிதத்தில் வெண்மையேற்றி இருக்கலாம் என்பதால் உங்கள் கடிதத்துக்கு இது உதவாது.

கேள்வி: பழைய நடிகர் ஒருவரின் கையெழுத்திட்ட படம் இருக்கிறது. அதே கையெழுத்து, அதே இடத்தில், நண்பர் வீட்டுப் படத்திலும் இருக்கிறதே? (வாசகர், சேலம்)

பதில்: அப்படியென்றால் அச்சு. ரசிகர்களுக்கு ஆயிரக்கணக்கில் படம் அனுப்பும்போது, கையெழுத்திட்ட ஒரு படத்தை நகலெடுத்து அச்சிட்டுவிடுவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உண்மை மை படத்தின் மேல் உட்கார்ந்து தனியாக மின்னும். அச்சுக் கையெழுத்து படத்தோடு படமாகக் கிடக்கும், லென்ஸில் புள்ளிகளாகச் சிதறும். இயந்திரம் உண்மையான பேனாவைப் பிடித்து எழுதுவதும் உண்டு. அமெரிக்க அதிபர் கென்னடி அலுவலகத்தில் அப்படி ஓர் இயந்திரம் ஓடியது. அங்கே மை உண்மை, கை பொய். எந்த மனிதரும் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மயிரிழைகூடப் பிசகவில்லை என்றால் சந்தேகம் உறுதி.

கேள்வி: அப்பாவுக்கு ராஜாஜி எழுதிய கடிதம் மடிப்பில் கிழிகிறது. லேமினேஷன் செய்துவிடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகித இழையோடு கலந்துவிடும், பிரிப்பது கிட்டத்தட்ட முடியாது. செல்லோடேப்பும் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்துப் பழுப்பாகிக் கறையாக ஊறிவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மை பசையோடு வந்துவிடும். பேனா மை தண்ணீரில் கரையும், ஈரத்துணியும் ஆகாது.

கிழிசலை மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு ஒட்டுவார்கள். வேண்டும்போது ஈரமிட்டு எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவில் ஆலோசனை கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். துருப்பிடிக்கும் குண்டூசி, கிளிப் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மடிப்பை மெல்லப் பிரித்து, அமிலமில்லாத தாளோடு பாலியெஸ்டர் உறையில் தட்டையாக வையுங்கள். புது ரெயின்கோட் வாசம் அடிக்கும் பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிக் கரையில் அது சுலபமாகத் தாண்டும். பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பையைக் கடிதத்தில் படாமல் போடுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தலாம். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால் நல்ல நகலை மாட்டுங்கள்.

கேள்வி: 1946 தேதியிட்ட தலைவர் கடிதம் ஒன்றை டொராண்டோவிலுள்ள தம்பிக்கு கூரியரில் அனுப்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடாது. தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் 1972இன்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படியும் ஆவணமும் 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள். மற்ற பொருட்களுக்கு அது 100 ஆண்டு. தனியார் ஏற்றுமதி செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தம்பிக்கு 600 டிபிஐ ஸ்கேன் அனுப்புங்கள்.

கேள்வி: கையில் அதிகப் பணமில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தேர்தல் நோட்டீஸ், மாநாட்டு மலர், வாழ்த்து மடல், கட்சி பேட்ஜ். பெரிய கையெழுத்துகளைவிட இவற்றில்தான் அந்தக் காலம் அப்படியே இருக்கிறது. திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடுங்கள்.

தேதியில்லாத தமிழ் நோட்டீஸுக்கு எழுத்தே காலம் சொல்லும். லை, னை, ணை போன்றவற்றில் யானைத் துதிக்கைபோல வளைந்த கொம்பும், ணா, றா, னாவுக்குத் தனி வடிவமும் இருந்தால் பழைய அச்சு. அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978 அக்டோபரில். ஆனால் பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் அதைக் கொண்டுவந்துவிட்டார். அதனால் 1950களின் நோட்டீஸில் புது எழுத்து இருந்தால், திராவிடர் கழக அச்சகமா என்று பாருங்கள், இல்லையென்றால் மறுபதிப்பாக இருக்கலாம். 1978க்குப் பிறகும் பழைய அச்செழுத்தை வைத்து ஓட்டிய சிறு அச்சகங்கள் உண்டு, அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றும் யாரிடம், எங்கே, எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று தனி நோட்டில் எழுதி ரசீதையும் சேர்த்து வையுங்கள். பொருளின் மேல் வரிசை எண்கூட எழுத வேண்டாம், உறையின் மேல் எழுதினால் போதும்.