சைக்கிளை விட்டு இறங்கு

அன்புள்ள ஐயா,

மார்ச் 25, மலேசிய போலீஸ் தினத்தை ஒட்டி எங்கள் பள்ளியில் ஒருவர் பேசினார். 1829இல் லண்டனில் ராபர்ட் பீல் தொடங்கியதுதான் நவீன போலீஸ், துப்பாக்கி இல்லாமல் மக்களின் சம்மதத்தோடு காவல் காப்பது, நம்முடையதும் அந்த வழிதான் என்றார். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த என் அம்மாவோ ‘மாத்தா’ (போலீஸ்காரர்) என்றாலே இன்றும் ஒதுங்கிப் போகிறார். எதை நம்புவது?

ம., பந்திங்

அன்புள்ள ம.,

அம்மாவை நம்புங்கள். மார்ச் 25 என்பதே 1807இல் பினாங்குக்குக் கிடைத்த, அங்கே போலீஸ் அமைக்க வழிசெய்த அரச சாசனத்தின் நாள். லண்டன் போலீசுக்கு 22 வயது மூத்தது!

பீல் லண்டனுக்கு முன்பே, 1814இல், அயர்லாந்தில் ஒரு படையை உருவாக்கியிருந்தார். பிறகு 1836இல் அமைந்த ஐரிஷ் போலீஸ் துப்பாக்கியோடு முகாம்களில் குடியிருந்தது. சொந்த மாவட்டத்தில் யாருக்கும் வேலை கிடையாது. பிடிக்கப் போகிறவன் மாமனோ மச்சானோ ஆகிவிடக் கூடாதல்லவா! காலனிகளுக்கு வெள்ளைக்காரன் பெரும்பாலும் மாதிரியாக எடுத்துக்கொண்டது இதைத்தான். 1873இல் பேராக்கில் லாருட் ஈயச் சுரங்கச் சண்டையை அடக்க வெள்ளைக்கார அதிகாரி கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து சீக்கியர்களையும் பட்டாணியர்களையும் கூட்டிவந்தார். ஊர் ஆட்களோடு ஒட்டு உறவில்லாதவர்கள், அதுதான் வசதி.

அப்புறம் 1922இல் ஐரிஷ் படை கலைந்ததும் அதில் பலர் பாலஸ்தீனத்துக்குப் போலீஸ் வேலைக்குப் போனார்கள். 1948இல் அங்கே பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது. பாலஸ்தீன போலீசின் கடைசித் தலைவர் கிரே அதே ஆண்டு மலாயாவின் போலீஸ் ஆணையர் ஆனார். இங்கே கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலம் தொடங்கியிருந்த நேரம்.

உங்கள் வட்டாரத்துக்கு வருவோம். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பதிலுக்கு அவர்களின் தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். போலீசுக்குத் துணையாகப் பட்டாளமும் வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். எழுபதுகளில், துரைமார் கப்பலேறிப் போன பிறகும், போலீஸ் பாலாய் (போலீஸ் நிலையம்) வாசல் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். கேரியரில் இருக்கும் நானும் இறங்க வேண்டும். “ஏன் தாத்தா?” என்றால் “எறங்குடா” என்பார், அவ்வளவுதான். மாரியம்மன் கோயில் முக்குவரை தள்ளிக்கொண்டே போய், அங்கே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்.