தாம்பரம் மின்சார ரயில் ஏன் அவ்வளவு காலம் மீட்டர் கேஜில் ஓடியது?

எழும்பூரிலிருந்து விழுப்புரம், திருச்சி என்று தெற்கே போன தென்னிந்திய ரயில்வேயின் பிரதான பாதையே மீட்டர் கேஜ்தான். தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ.; சென்ட்ரல் பக்கத்து அகலப்பாதையில் 1676. அந்தத் தெற்குத் தடத்தை ஒட்டியே 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. முதலில் 1500 வோல்ட் நேர்திசை மின்சாரம், அறுபதுகளில் 25,000 வோல்ட் மாறுதிசைக்கு மாறினார்கள். பாதை மட்டும் மாறவில்லை. வெளியூர் மீட்டர் கேஜ் ரயில்களும் தாம்பரம் வழியாகத்தானே எழும்பூர் வர வேண்டும்? தினசரிப் பயணிகள் நம்பியிருந்த தடத்தை ஒரேயடியாகப் பெயர்க்கவும் முடியாது. படிப்படியாக மாற்றி, 2004-ல்தான் கடைசி மீட்டர் கேஜ் புறநகர் வண்டி ஓய்ந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் ஊராக வளர்ந்ததற்கு, என்னைக் கேட்டால், அந்தக் குறுகிய பெட்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.