பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: எங்களுக்குக் கோயிலில் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. நாலு வயதில் ஒரு மகள், என்னோடுதான் இருக்கிறாள். ஒத்துப்போக முடியாமல் இரண்டு வருடமாகக் கணவரும் நானும் தனித்தனியாக இருக்கிறோம். பெரியவர்கள் கூடிப் பேசி, 'இனி ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் வைத்தாகிவிட்டது. இப்போது வீட்டில் எனக்கு வேறு வரன் பார்க்கிறார்கள். இதற்கு மேல் கோர்ட்டுக்கும் போக வேண்டுமா? கல்யாணத்தை நாங்கள் பதிவுகூடச் செய்யவில்லை. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: போகத்தான் வேண்டும் சகோதரி. முதலில், வரன் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்திரத்தால் உங்கள் திருமணம் முறியவில்லை, சட்டப்படி நீங்கள் இன்றும் அவருடைய மனைவிதான். சில சமூகங்களில் காலங்காலமாக இருந்துவரும் 'தீர்த்துக்கொள்ளும்' வழக்கத்தை 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது லேசான காரியமில்லை. இந்த நிலையில் மறுமணம் செய்தால் அது செல்லாது என்பதோடு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 82-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. நல்லது செய்வதாக நினைத்துத்தான் பெரியவர்கள் எழுதித் தருகிறார்கள், ஆனால் அதை நம்பி அடுத்த வாழ்க்கைக்குப் போகும் பெண்தான் மாட்டிக்கொள்கிறாள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

அதற்காகப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பிரிந்திருப்பதற்கு அது ஒரு ஆதாரம். பதிவு செய்யாததும் பெரிய தடையில்லை. கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும்போது எடுத்த போட்டோ, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

இருவருக்குமே பிரிய சம்மதம் என்பதால் உங்களுக்கு நல்ல வழி, அதே சட்டத்தின் 13பி பிரிவில் வரும் பரஸ்பர சம்மத விவாகரத்து. இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட வேண்டும், குறைந்தது ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில் போடலாம். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இப்போது நீங்கள் இருக்கும் ஊர், எது வசதியோ அங்கே.

மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரச முயற்சியும் பலிக்காமல், ஜீவனாம்சம், குழந்தை விஷயங்களையெல்லாம் பேசி முடித்துவிட்டவர்களுக்கு அந்த 6 மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள், அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. நகை, சீர்ப் பொருட்கள், உங்களுக்கான தொகை, மகளின் படிப்புச் செலவு, அப்பா அவளை எப்போது வந்து பார்ப்பது, எல்லாம் மனுவிலோ அதோடு சேரும் ஒப்பந்தத்திலோ எழுத்தில் வர வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பேசிய பணத்தில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும் மீதியைத் தீர்ப்புக்கு முன் கோர்ட்டிலேயே டிடியாகவும் வாங்கிக்கொள்ளலாம். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எனக்கு எதுவும் வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் மகளுக்கு அப்பாவிடமிருந்து வர வேண்டியது போய்விடாது.

ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அவர் அப்படி மாறினால் 13-வது பிரிவில் கொடுமை போன்ற காரணம் காட்டி நீங்கள் தனியாக வழக்குப் போட வேண்டியிருக்கும், வாய்தா மேல் வாய்தாவாக அது இழுக்கும், ஆனால் வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்க முடியும். 'இரண்டு வருடமாகக் கைவிட்டுவிட்டார்' என்ற காரணம் மட்டும் உங்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் நீங்களும் சம்மதித்துப் பிரிந்ததாக அந்தப் பத்திரமே சொல்லும்.

வக்கீல் செலவுக்கு யோசித்தால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது அந்த ஸ்டாம்ப் பேப்பரையும் கையோடு எடுத்துப் போங்கள், அதில் பணம், நகை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வக்கீல் பார்த்த பிறகுதான் மனுவை எழுதச் சொல்ல வேண்டும்.