அப்பா மேல கோவமும் இருக்கு, பெருமையும் இருக்கு, நான் என்ன சொல்லட்டும்?

வணக்கம் மேடம். எனக்கு 27 வயசு, சொந்த ஊரு கம்பம் பக்கம், இப்ப எறணாகுளத்துல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். எங்க அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவர். கருக்கல்ல எந்திரிச்சு, தெரு முக்குல தூக்குச்சட்டியோட நிக்கற பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி கேரளாவுல நெடுங்கண்டம் பக்கம் இறக்கி விடுவாரு, சாயங்காலம் காய் எடுத்து முடிச்சதும் அவங்கள மறுபடி ஊர்ல கொண்டாந்து சேப்பாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே இதான் அவரு பொழப்பு.

ஜூன் மாசம் அப்பாக்கள் தினத்துக்கு எங்க ஆபீஸ்ல ஒரு போர்டு வச்சு, உங்க அப்பாவ உங்களுக்கு ஏன் பிடிக்கும்னு ஆளுக்கொரு கார்டு எழுதி ஒட்டச் சொன்னாங்க. கூட வேலை பாக்கற மலையாளிப் பொண்ணுங்க எல்லாம் மளமளன்னு எழுதறாங்க, சைக்கிள் கத்துக் குடுத்தாரு, ராத்திரி கதை சொன்னாரு, பரீட்சைக்குக் கூட வந்தாருன்னு. எங்க அப்பா இதுல ஒண்ணு கூட செஞ்சதில்ல. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வந்ததில்ல, நான் எந்த வகுப்புன்னு கூட அம்மாகிட்ட தான் கேப்பாரு. கார்ட எழுதாமலே பைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

ஆனா அவர நெனச்சா எனக்குப் பெருமையா இல்லையான்னு கேட்டா, இருக்கு மேடம், நெறைய இருக்கு. மெட்டு ரோட்டுல எத்தனையோ ஜீப்பு கவுந்து உசுரு போயிருக்கு, அப்படி ஒண்ண நேர்ல பாத்த நாள்ல இருந்து அவரு பத்து பேருக்கு மேல ஏத்தறதில்ல. மத்த டிரைவர்க பின்னாடி தொங்கத் தொங்க ஏத்திட்டுப் போவாங்க, இவரப் பாத்து சிரிப்பாங்க. ஏத்தற தலைய வச்சு தான் காசு. எங்க தெரு அக்காமாரு இன்னும் சொல்லுவாங்க, உங்கப்பன் வண்டின்னா தூங்கிக்கிட்டே போவோம்டின்னு.

2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்னை பெருசாகி குமுளி பாதை அடைபட்டப்ப நான் எட்டாப்பு. தோட்டத்துல தங்கி வேலை பாத்த நம்ம ஆளுக பயந்து போயி, புள்ளகுட்டிய தூக்கிக்கிட்டு நடந்தே எறங்குனாங்க. அப்பா ராத்திரில போயி, வழியில கெடந்தவங்கள எல்லாம் ஏத்திக் கொண்டாந்தாரு, பைசா வாங்கல. தெருவே மலையாளத்துக்காரங்கள திட்டிக்கிட்டு இருந்துச்சு, அவரு மட்டும், இந்தப் பொம்பளைகள காப்பித்தோட்டம் வழியா பத்திரமா கூட்டியாந்து விட்டது அங்க உள்ள மேனேஜர் தான்யா, அதையும் சேத்துப் பேசுங்கன்னாரு. அந்த வயசுலயே எனக்கு அது என்னமோ பண்ணுச்சு.

கோவம் என்னன்னா, ப்ளஸ் டூ முடிச்சப்ப கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல எனக்கு சீட்டு வந்துச்சு, நான் கேட்ட கோர்ஸ். அப்பா ஒரே வார்த்த, வேணாம், பக்கத்துலயே படி. ஏன்னு கேட்டேன், எந்திரிச்சுப் போயிட்டாரு. அண்ணனுக்கு மட்டும் கடன் வாங்கி இன்ஜினியரிங் சேத்து விட்டாரு. இத நெனச்சா இன்னிக்கும் எனக்குத் தொண்ட அடைக்குது. அண்ணன்கிட்ட அப்பாவப் பத்திப் பேசுனா, கடமையத் தான செஞ்சாரு, அதுல என்ன இருக்குங்கறான்.

முட்டி வலின்னு அப்பா ஜீப்ப விக்கப் போறாரு. அதுக்குள்ள அவர்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னு இருக்கு. கோவத்த வச்சுக்கிட்டே நன்றி சொன்னா அது பொய்யா ஆயிராதா மேடம்?

*

வணக்கம்மா. பொய் ஆகாது. மொதல்ல அத சொல்லிடறேன்.

ஒருத்தர்கிட்ட உள்ள ஒரு குணத்தப் பாராட்டறோம்னா அவரோட மொத்தக் கணக்கையும் நேர் பண்ணிட்டோம்னு அர்த்தம் இல்ல. பத்து பேருக்கு மேல ஏத்த மாட்டேன்னு நின்னாரு பாருங்க, அது உண்மை. உங்ககிட்ட ஒரு காரணம் கூட சொல்லாம உங்க படிப்ப முடிவு பண்ணாரு, அதுவும் உண்மை. ரெண்டும் ஒரே மனுஷன் செஞ்சது. இத எல்லா அப்பாவுக்கும் சேத்து சொல்லல, அடி உதைன்னு நடத்துன அப்பாவுக்கு நன்றி சொல்லியே ஆகணும்னு எந்தப் புள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். உங்க கடிதத்துல அப்படி எதுவும் இல்ல, அதனால தான் தைரியமா எழுதறேன்.

அந்தக் கார்டு விஷயம். அப்பாக்கள் தினம் அமெரிக்காவுல ஸ்போகேன்ங்கற ஊர்ல 1910ல தொடங்குனது, சொனோரா டாட்னு ஒரு பொண்ணு எடுத்த முயற்சி, தாய் செத்த பிறகு தம்பிமாரையெல்லாம் தனியா வளத்த தன்னோட அப்பாவுக்காக. அவ பாத்ததும் ஒரு மனுஷன் சுமந்த பாரத்த தான். சைக்கிளும் ராத்திரிக் கதையும் நல்ல விஷயங்க தான், நான் கொறச்சு சொல்லல, ஆனா அந்த நேரத்துல வீட்ல இருக்க முடிஞ்ச அப்பாவால தான் அத செய்ய முடியும். கருக்கல்ல கெளம்பி இருட்டுனப்பறம் வர்ற டிரைவருக்கு ஏதும்மா ராத்திரிக் கதை.

மைக்கேல் லாம்ப்னு ஒரு உளவியல் ஆய்வாளர், 1980கள்ல தன்னோட சக ஆய்வாளர்களோட சேந்து, அப்பாவோட பங்க மூணா பிரிச்சுப் பாத்தாரு. நேரடியா புள்ளையோட நேரம் செலவழிக்கறது ஒண்ணு, கூப்பிட்டா கெடைக்கற தூரத்துல இருக்கறது ஒண்ணு, புள்ளைக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பொறுப்பெடுத்துக்கறது ஒண்ணு. ஆபீஸ் போர்டுல ஒட்டியிருந்தது பெரும்பாலும் மொதல் வகை. உங்க அப்பாகிட்ட நீங்க பெருமைப்படறது பெரும்பாலும் அவரு பொறுப்ப எப்படி சுமந்தாருங்கறத, அதுலயும் தன் வீட்டுப் புள்ளைக்கு மட்டும் இல்ல, மத்த வீட்டுப் பொம்பளைகளுக்கும். அதே நேரம் மொதல் வகை உங்களுக்குக் கெடைக்கலங்கற ஏக்கம் நெசமான ஏக்கம், பெருமைய சொல்லி அத மூட வேண்டாம்.

இன்னொண்ணு, இத மெதுவா தான் சொல்லணும். உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். பத்து பேரோட நிறுத்துனா மத்த டிரைவர விட தினமும் வருமானம் கம்மி. வருஷக்கணக்கா அப்படி ஓட்டுன வீட்ல அண்ணன் படிப்புக்கு ஏற்கனவே கடன் நிக்குது, அந்த நேரத்துல கோயமுத்தூர் ஃபீஸ், ஹாஸ்டல். நீங்க பெருமைப்படற அந்தப் பிடிவாதமும் உங்களுக்கு வலிச்ச அந்த "வேணாம்"மும் ஒரே எடத்துல இருந்து வந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், பொம்பளப் புள்ள வெளியூரு வேணாம்ங்கற நெனப்பாவும் இருக்கலாம், அப்படின்னா அது அநியாயம் தான். காசு தான் காரணம்னே வச்சுக்குவோம், அப்பவும் பையனுக்கு கடன் பொண்ணுக்கு பக்கத்து காலேஜ்னு பிரிச்சதும், காரணத்த சொல்லாம எந்திரிச்சுப் போனதும் சரின்னு ஆயிடாது. எதுன்னு அவருக்கு மட்டும் தான் தெரியும். கேளுங்க.

ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல பேசாதீங்க. "நீங்க நல்லவரு தான்ப்பா, ஆனா"ன்னு ஆரம்பிச்சா அந்த "ஆனா"வுக்கு அப்பறம் உள்ளது மட்டும் தான் அவரு காதுல விழும். நன்றிய தனியா சொல்லுங்க. அமித் குமார், நிக்கோலஸ் எப்லின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஆளுகள நன்றிக் கடிதம் எழுத வச்சு, வாங்குனவங்ககிட்டயும் போயி எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. எழுதுனவங்க அவங்களுக்கு சங்கடமா இருக்கும்னு பயந்த அளவுக்கு வாங்குனவங்களுக்கு சங்கடமே இல்ல, சந்தோஷம் தான் எதிர்பாத்தத விட அதிகமா இருந்துச்சு. நம்ம வீட்டு அப்பாமாரு அத வெளிய காட்ட மாட்டாங்க, அது வேற.

எப்படி சொல்றதுன்னா, நீங்க என்ன கண்ணால பாத்தீங்களோ அத சொல்லுங்க. "நீங்க ரொம்ப கிரேட்ப்பா"ன்னா அவருக்கு எங்க பாக்கறதுன்னே தெரியாது. "எல்லாரும் சிரிச்சப்பயும் நீங்க பத்து பேரோட நிறுத்துனீங்கல்லப்பா, தெருவுல அக்காமாரு இன்னும் அதப் பேசறாங்க, எனக்கு அது பெரும"ன்னு சொல்லுங்க, போதும். மேனேஜர் விஷயத்தையும் சொல்லுங்க, ஏன்னா இன்னிக்கு மலையாளிக கூட உக்காந்து எந்த மனக்கசப்பும் இல்லாம நீங்க வேலை பாக்கறதுக்கு அந்த ராத்திரி அவரு சொன்ன சொல்லும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. ஜீப்ப விக்கறதுக்கு முன்னாடி லீவு போட்டு ஊருக்கு வந்து, அவரு கூட ஒரு டிரிப்பு மெட்டு ஏறிட்டு வாங்க. ஆள எறக்கி விட்டுட்டு காலி வண்டியா வர்றப்ப பேசுங்க. எதுத்தாப்ல உக்காந்து கண்ணப் பாத்து பேசறத விட, ரோட்டப் பாத்துக்கிட்டு பக்கத்து சீட்டுல உக்காந்து பேசறப்ப இந்த மாதிரி ஆம்பளைங்களுக்கு வாய் கொஞ்சம் தெறக்கும், ஆலோசனைக்கு வர்றவங்ககிட்ட நான் திரும்பத் திரும்பப் பாத்தது இது.

கோயமுத்தூர் பேச்ச அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப வச்சுக்கங்க. அப்பவும் "ஏன் பண்ணீங்க"ன்னு வேணாம், "அன்னிக்கு நம்ம வீட்டு நெலம என்னன்னு எனக்குத் தெரியலப்பா, இப்ப சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவரு பேசாம இருந்தா ஒரு வாரம் விட்டு அம்மாகிட்ட கேளுங்க, அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அண்ணன் சொல்றதுக்கு நீங்க பதில் சொல்லி ஜெயிக்கணும்னு இல்ல. கடமை தான், சந்தேகமே இல்ல, ஆனா அந்த மெட்டு ரோட்டுல கடமைய பதினெட்டு பேர ஏத்திக்கிட்டும் செய்யலாம், பத்து பேரோடயும் செய்யலாம்.