சொந்த வாசலில் விற்பதற்கும் அனுமதியா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் டாலஸில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர இருப்பதால் சோபா, சாப்பாட்டு மேசை, குழந்தையின் கிரிப் (கம்பித் தடுப்புள்ள தொட்டில் கட்டில்) ஆகியவற்றைக் கராஜ் சேல், அதாவது வீட்டு வாசலிலேயே பழைய பொருள் விற்பனை, போட்டு விற்க எண்ணியுள்ளோம். விற்பனைக்கென்று காஞ்சிபுரத்திலிருந்து வாங்கி வந்த புடவைகளும் கொஞ்சம் மீதமிருக்கின்றன. எங்கள் வாசலில் நாங்கள் விற்பதற்கு அனுமதி தேவையா?

— ஒரு வாசகி

பதில்: தேவைதான். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வாராவாரம் கராஜ் சேல் என்ற பெயரில் குடியிருப்புத் தெருவில் கடை நடத்துவோரைத் தடுப்பதற்காகவே இத்தகைய விதிகள் உள்ளன. டாலஸ் நகராட்சியின் விதிப்படி 12 மாதங்களில் 2 முறை மட்டுமே, ஒவ்வொரு முறையும் தொடர்ச்சியாக 3 நாட்களுக்கு மிகாமல் விற்கலாம். அனுமதிக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், உங்கள் வீடு உண்மையில் டாலஸ் நகர எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அஞ்சல் முகவரியில் டாலஸ் என்றிருந்தும் வீடு பக்கத்து நகரின் எல்லைக்குள் இருப்பதுண்டு, அப்போது அந்த நகரின் விதியே செல்லும். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் கட்டுப்பாடுகள் தனி.

புடவைகளை இதில் சேர்க்காதீர்கள். மறுவிற்பனைக்கென்றே வாங்கிய சரக்கைக் கராஜ் சேலில் விற்க டாலஸ் விதி இடம் தருவதில்லை. வரியைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள்களை ஓராண்டில் 3,000 டாலர் வரை விற்றால் டெக்சாஸில் விற்பனை வரி இல்லை. வாங்கிய விலைக்குக் குறைவாக விற்ற சோபாவுக்கு வருமான வரியும் இல்லை. புடவை விற்பனையோ வியாபாரக் கணக்கில் வரும்.

கிரிப்பின் பக்கவாட்டுச் சட்டம் மேலும் கீழும் நகரும் வகையா என்று தள்ளிப் பாருங்கள். 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் அவ்வகை கிரிப்களின் விற்பனைக்குத் தடை உள்ளது. அதை விற்பதோ, தெரிந்தவர் குழந்தைக்கென்று இனாமாகக் கொடுப்பதோ கூடாது என்கிறது நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். மற்றவர் எடுத்து மீண்டும் பொருத்திக்கொள்ள முடியாதபடி பிரித்துக் குப்பையில் போடுங்கள். பாதுகாப்புக் காரணத்தால் திரும்பப் பெறப்பட்ட எந்தப் பொருளையும் விற்பது சட்டவிரோதம் என்பதால், பொம்மைகள் விற்பதாயிருந்தால் அவற்றின் மாடல் எண்களையும் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பர அட்டையை மின்கம்பத்தில் ஒட்டாமல் உங்கள் புல்வெளியிலேயே நட்டு, விற்பனை முடிந்த அன்றே பிடுங்கிவிடுங்கள்.