மாணவர் விசாவில் கிளாஸ்கோவில் இருக்கிறேன், எனக்கு ஓட்டு உண்டா?

கேள்வி: கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறேன். இந்திய பாஸ்போர்ட், மாணவர் விசா. கூடத் தங்கியிருக்கும் நேபாள நண்பருக்கும் அதே விசாதான். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமல் ஓட்டுப் போட முடியாது என்கிறார்கள். உண்மையா? ஸ்காட்லாந்து தனிநாடு ஆகலாமா என்று மறுபடி வாக்கெடுப்பு நடந்தால் நாங்கள் கலந்துகொள்ளலாமா?

பதில்: யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு ஓட்டு உண்டு, அதுவும் எல்லாத் தேர்தலிலும்.

இந்தியா காமன்வெல்த் நாடு. முறையான விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கும், அதாவது லண்டனில் இருக்கும் பிரிட்டன் முழுமைக்குமான நாடாளுமன்றத்துக்கும், ஓட்டுப் போடலாம். பழைய சாம்ராஜ்யப் பிரஜை உரிமையின் மிச்சம் இது. இத்தனை வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே விதிதான்.

நேபாளம் காமன்வெல்த்தில் இல்லை. அதனால் உங்கள் நண்பருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஓட்டு கிடையாது. ஆனால் 2020ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, எந்த நாட்டவராக இருந்தாலும் முறையான விசாவோடு ஸ்காட்லாந்தில் வசித்தால் எடின்பரோவில் இருக்கும் அந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் தேர்தலிலும், கவுன்சில் எனப்படும் உள்ளாட்சித் தேர்தலிலும் ஓட்டு உண்டு. இந்த இரண்டுக்கும் 16 வயது போதும். வெஸ்ட்மின்ஸ்டருக்கு 18 ஆக வேண்டும்.

வீட்டு வாடகைச் சட்டம், மருத்துவமனை, கல்வி எல்லாம் எடின்பரோ கையில். விசா விதி வெஸ்ட்மின்ஸ்டர் கையில். இரண்டு இடத்திலும் உங்களுக்குக் குரல் இருக்கும்போது பதிவு செய்யாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. அரசு இணையதளத்தில் நீங்களே, தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்னால் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை, வரிக்கான தனிநபர் எண்) கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்றால் அதையே சொல்லிப் பதியலாம், அப்புறம் வேறு ஆவணம் கேட்பார்கள். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

எடின்பரோ தேர்தலில் வாக்குச்சாவடியில் இரண்டு சீட்டு தருவார்கள். 2021ல் தொகுதிச் சீட்டு இளம் ஊதா, கட்சிகளின் பட்டியலுக்குப் போடும் வட்டாரச் சீட்டு பீச் நிறம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெருக்கல் குறி. கவுன்சில் தேர்தலில் மட்டும் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். அங்கே போய்ப் பெருக்கல் குறி போட்டுக் குழம்ப வேண்டாம். புகைப்பட அடையாள அட்டை வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலுக்குத்தான் கட்டாயம், மற்ற இரண்டுக்கும் தேவையில்லை.

சரி, தனிநாடு வாக்கெடுப்பு. 1998 ஸ்காட்லாந்து சட்டம் இங்கிலாந்தோடு உள்ள ஒன்றியம் பற்றிய விஷயங்களை வெஸ்ட்மின்ஸ்டருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. 2014 வாக்கெடுப்புக்கு அந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின் கீழ் லண்டன் தற்காலிகமாக அதிகாரம் கொடுத்தது. அதில் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மறுபடி தாங்களே நடத்தலாமா என்று ஸ்காட்லாந்து அரசின் தலைமைச் சட்ட அதிகாரி உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 'இது மக்கள் கருத்தைக் கேட்பது மட்டும்தானே, சட்டப்படி எதையும் மாற்றாதே' என்ற வாதத்தை 2022 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்க மறுத்தார்கள். அப்படி ஒரு வாக்கெடுப்பின் முடிவு ஒன்றியத்தின் எதிர்காலத்தையே அசைக்கும், ஆகவே வெஸ்ட்மின்ஸ்டர் சம்மதம் வேண்டும் என்பது தீர்ப்பு. எடின்பரோவில் எந்தக் கட்சி எத்தனை இடம் பிடித்தாலும் இந்தச் சட்ட நிலை அதனால் மட்டும் மாறாது.

சம்மதம் வந்தால் யார் ஓட்டுப் போடலாம் என்பதை அதற்கென வரும் சட்டம் முடிவு செய்யும். 2014ல் இங்கே வசித்த காமன்வெல்த் குடிமக்கள் ஓட்டுப் போட்டார்கள், நேபாளிகளுக்கு இடமில்லை. அடுத்த முறை கவுன்சில் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலையே எடுத்துக்கொண்டால் உங்கள் நண்பரும் உள்ளே வருவார், பட்டியலில் அவர் பெயர் இருந்தால்.