கப்பல் நிக்குறது கோலாலம்பூர்ல இல்ல
பயணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் அடுத்த மாசம் சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல போறோம், மகன் புக் பண்ணிக் குடுத்தான். ரெண்டாவது நாள் காலைல 8 மணியில இருந்து சாயந்திரம் 6 வரைக்கும் கோலாலம்பூர்னு போட்டிருக்கு. ரெட்டைக் கோபுரம், பத்துமலை ரெண்டையும் பாத்துட்டு கொஞ்சம் துணியும் எடுத்துட்டு வந்திரலாமா? அவருக்கு முட்டு வலி உண்டு. – ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அக்கா, முதல்ல அந்த டிக்கெட்ல கோலாலம்பூருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாருங்க, போர்ட் கிள்ளான்னு இருக்கும். கோலாலம்பூர்ல கடலே கிடையாது. கப்பல் வந்து கட்டுறது புலாவ் இண்டான்னு ஒரு தீவுல, பாலம் ஏறி வெளிய வந்து ரெட்டைக் கோபுரம் போக 50 கிலோமீட்டருக்கு மேல ஆகும், ரோடு காலியா இருந்தா ஒரு மணி நேரம், டிராபிக்ல மாட்டினா அது எவ்வளவு இழுக்கும்னு யாரும் சொல்ல முடியாது. 8 மணிக்கு கப்பல் வந்தாலும் நீங்க வெளிய கால் வைக்க ஒன்பது ஒன்பதரை ஆயிரும், 6 மணிக்குக் கிளம்புற கப்பலுக்கு 5 மணிக்கெல்லாம் ஏறச் சொல்லிருவாங்க, அப்போ கைல இருக்குறதே ஏழரை மணி நேரம்தான், அதுல பாதி பஸ்ல போயிரும், மீதியில கோபுரத்துக்கு கீழ நின்னு ஒரு செல்ஃபி.

நம்ம ஊருக்கு வர்ற டூர் பஸ்ஸைப் பாத்திருப்பீங்களே. திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரிக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடுறவங்க தக்கலை தாண்டும்போது பத்மநாபபுரம் அரண்மனைப் பக்கம் தலையைக்கூட திருப்ப மாட்டாங்க. நீங்களும் அதே மாதிரி கிள்ளானைத் தாண்டி ஓடாதீங்கன்னுதான் சொல்றேன்.

கிள்ளான் பழைய ஊரு, சிலாங்கூர் சுல்தானோட அரண்மனை இருக்குற ஊரு, அதைவிட முக்கியம் தமிழ்ல பேசியே ஒரு நாள் ஓட்டிரலாம். போன்ல டாக்ஸி கூப்பிடுற கிராப் ஆப் போட்டு வச்சுக்குங்க, டெர்மினல்ல இருந்து டவுனுக்கு அரை மணி நேரம் வச்சுக்கலாம். நேரா சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போங்க, 1890-கள்ல ஆரம்பிச்ச கோயில், தென்கிழக்காசியத் திருப்பதின்னே சொல்வாங்க. இதை முதல்ல வைக்கச் சொல்றதுக்குக் காரணம், மத்தியானம் நடை சாத்திருவாங்க. அடுத்து லிட்டில் இந்தியா, தெருவுக்குப் பேரு ஜாலான் தெங்கு கிளானா. பூக்கட்டுற கடை, சேலைக்கடை, பாத்திரக்கடை, பலகாரக்கடை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும், துணி எடுக்கணும்னு சொன்னீங்கள்ல, அது இங்கயே முடிஞ்சிரும். மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. சைனீஸ் கடைகள்ல பக் குட் தேன்னு பெருசா எழுதியிருக்கும், கிள்ளானுக்குப் பேர் வாங்கிக் குடுத்த சாப்பாடே அதுதான், ஆனா அது பன்றி எலும்பு சூப்பு, சாப்பிடாதவங்க தெரிஞ்சுக்கிட்டு ஒதுங்கிக்கலாம்.

அண்ணனுக்கு கால் வலிச்சா பக்கத்துலயே அரச கேலரின்னு சுல்தான் குடும்பத்து மியூசியம் இருக்கு, ஏசியில உக்காந்து பாக்கலாம், திங்கள் லீவு. 1909-ல கட்டுன கட்டடம், வரைஞ்சவர் ஹப்பாக்னு ஒரு வெள்ளைக்காரர், கோலாலம்பூர் பழைய ரயில்வே ஸ்டேஷனும் அவர் கைவேலைதான், அதனால கோலாலம்பூர் பாக்கலையேன்னு மனசு அடிச்சுக்கிட்டா இதை வச்சு ஆத்திக்குங்க.

பத்துமலை எனக்குப் புரியுது, முருகன் விஷயம். ஆனா 272 படி, முட்டு வலிக்காரரை ஏத்த முடியாது. கீழ நின்னு 140 அடி சிலையைக் கும்பிட்டா போதும்னா கப்பல்காரங்களே நடத்துற டூர்ல போங்க, காசு கூடத்தான், ஆனா அவங்க பஸ் லேட்டானா அதுக்கு அவங்கதான் பொறுப்பு. இன்னொண்ணு, திரும்ப இறங்கப்போறது சிங்கப்பூர்லதானே, அங்க உள்ள விசா மல்டிபிள் என்ட்ரியா, அதாவது ஒரு தடவைக்கு மேல உள்ள போக விடுமான்னு மகன்கிட்ட இன்னைக்கே கேளுங்க.

கேள்வி: நீங்க எப்பவும் பெரிய ஊருக்கு ஓடாதீங்கன்னு எழுதுறீங்க. மகள் அயர்லாந்துல நர்ஸ், எங்க ரெண்டு பேரையும் மத்தியதரைக்கடல் கப்பல்ல கூட்டிட்டுப் போறா. ரோம் வரைக்கும் போயிட்டு வத்திக்கான் பாக்காம வந்தா ஊர்ல என்ன சொல்வாங்க? – ஒரு வாசகர், நட்டாலம்

பதில்: நட்டாலத்துக்காரரைப் பாத்து வத்திக்கான் போகாதீங்கன்னு சொல்லிட்டு நான் குழித்துறைப் பாலத்தைத் தாண்ட முடியுமா? உங்க ஊர்ல பிறந்த நம்ம தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15-ல புனிதர் பட்டம் குடுத்த அதே பேதுரு சதுக்கம், போங்க, கண்டிப்பா போங்க. ஆனா கப்பல் நிக்குறது சிவிட்டாவெக்கியாவுல, ரோமுக்கு ரயில்ல ஒரு மணி நேரம் கிட்ட ஆகும். எல்லாரும் டெர்மினி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவாங்க, அதுக்கு முன்னாடியே சான் பியெட்ரோன்னு ஒரு ஸ்டேஷன் வரும், லோக்கல் ரயில் அங்க நிக்கும், இறங்கி கால் மணி நேரம் நடந்தா பேதுரு பேராலயம். முட்டும் தோளும் மூடுற மாதிரி உடுப்பு வேணும். அதோட நிறுத்திக்குங்க, கொலோசியம் அது இதுன்னு சேத்தீங்கன்னா எல்லாமே அரைகுறையா போகும்.

மகள் ஏற்கனவே ரோம் பாத்தவங்கன்னா அவங்க வேற பக்கம் போகட்டும். சிவிட்டாவெக்கியாவுலயே ஜப்பான் மறைசாட்சிகள் பேர்ல ஒரு கோயில் இருக்கு, உள்ள ஒரு ஜப்பான் ஓவியர் வரைஞ்ச மாதா கிமோனோ கட்டியிருப்பாங்க, நம்ம வேளாங்கண்ணி மாதாவுக்கு சேலை உடுத்துற மாதிரி. இல்லேன்னா ரயில்ல கொஞ்ச தூரம் போனா தர்க்குவீனியா, ரோமாபுரி தலைதூக்குறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஆண்ட எட்ருஸ்கன் ஆளுகளோட கல்லறைகள், 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. மேல இருந்து பாத்தா புல்லுமேட்டுல சின்னச் சின்ன கூரை, உள்ள செங்குத்தா படி இறங்கும், கடைசியில கண்ணாடிக் கதவு, பக்கத்துல இருக்குற பொத்தானை அமுக்குனா லைட் எரியும், பாத்தா சுவர் முழுக்க விருந்து நடக்குது, ஒருத்தன் குழல் ஊதுறான், பரிமாறுறவன் நிக்குறான், எல்லாம் ரெண்டாயிரத்து ஐநூறு வருஷப் பெயின்ட். செத்தவங்களுக்கு அழுதுட்டிருக்குற மாதிரி ஒரு படமும் கண்ணுல படல எனக்கு. ஸ்டேஷன் கீழ இருக்கு ஊரு மேட்டுல இருக்கு, பஸ் பாத்துதான் ஏறணும்.

கேள்வி: இங்கிலாந்துல இருக்குற அண்ணன் குடும்பம் கப்பல்ல வராங்க, கொச்சியில ஒரு பகல் நிக்குமாம். நாங்க போய்ப் பாக்கணும். பிள்ளைக லுலு மால்னு சொல்லுது, கப்பல்ல ஆலப்புழை ஹவுஸ்போட்னு சொல்றாங்களாம். – ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: லுலு மாலா? அது திருவனந்தபுரத்துலயே இருக்கு, நீங்க ஞாயித்துக்கிழமை சாயாகுடிச்சுட்டு போயிட்டு வர்ற தூரம், அதுக்கு லண்டன்ல இருந்து கப்பல்ல வரணுமா! ஆலப்புழையும் வேண்டாம், போக வரவே நேரம் சரியா இருக்கும்.

முந்தின நாளே எர்ணாகுளம் போயிருங்க. கப்பல் வில்லிங்டன் தீவுல கட்டும், போர்ட் கேட்டுக்கு உள்ள உங்களை விடமாட்டாங்க, வெளியதான் நிக்கணும். அண்ணன் பிள்ளைகளுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்னா இந்திய விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குற ஓசிஐ கார்டோ இருக்கணும், ஒரு பகலுக்குத்தானேன்னு விட்டுராதீங்க. அங்கயிருந்து ஃபோர்ட் கொச்சி பக்கம்தான். சீன வலை, 1524-ல வாஸ்கோ ட காமாவை முதல்ல புதைச்ச பிரான்சிஸ் சர்ச், இதெல்லாம் எல்லாரும் காட்டுவாங்க. நான் சொல்றது ஃபோர்ட் கொச்சியில வெளின்னு (Veli) ஒரு இடம், அங்க இருக்குற தோபி கானா, துணி வெளுக்குற இடம். டச்சுக்காரன் காலத்துல பட்டாளத் துணி வெளுக்க தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்த குடும்பங்கள், இன்னைக்கும் வீட்டுல தமிழ்தான். கொடியைக் கவனிங்க, கிளிப்பே இருக்காது, ரெண்டு கயித்தை முறுக்கிக் கட்டி அந்த முறுக்குக்கு நடுவுல துணி முனையைச் சொருகிருவாங்க, காத்து எவ்வளவு அடிச்சாலும் விழாது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்க. போட்டோ எடுக்கும்போது கேட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க, அது அவங்க வேலை பாக்குற இடம். வெள்ளிக்கிழமைன்னா மட்டாஞ்சேரி அரண்மனை லீவு, சனிக்கிழமைன்னா யூதக் கோயில் லீவு.

கேள்வி: சொந்தமா சுத்தப் போயி லேட்டாயிட்டா கப்பல் விட்டுட்டுப் போயிருமா? – ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: போயிரும். கப்பல்ல தினம் ஒரு பேப்பர் குடுப்பாங்க, அதுல துறைமுக ஏஜென்ட் நம்பர் இருக்கும், போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க. கப்பல் டைமும் ஊர் டைமும் வேற வேறயா இருக்கலாம், தாய்லாந்து புக்கெட் மாதிரி இடத்துல ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும், அதனால கைக்கடிகாரத்துல கப்பல் டைமை மாத்தாதீங்க. அடுத்த துறைமுகத்துக்கு போற செலவு உங்க தலையில.